கிராணி பூட்டி வைத்த மவுஸ்

14.7.1998, செவ்வாய்

இவ்வளவு சந்தோஷமாக லாபு எஸ்டேட் ஆபீசிலிருந்து நான் திரும்பியதே இல்லை.

அங்கே கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். கறுப்புத் திரையில் எழுத்து ஓடினால் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி சுப்பையா அண்ணனுக்குப் பயம். அதனால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ஜன்னல் தானாக வரவும், விழுந்தால் மறுபடி எழவும் செய்திருந்தேன். இன்று காலை அது விழுந்து விழுந்து எழுந்தது. திரை மின்னிக்கொண்டே இருந்தது, எதையும் தட்ட முடியவில்லை.

பார்த்தால் மேசையில் மவுஸ் இல்லை. அண்ணன் தினமும் மாலையில் அதைக் கழற்றி, ரப்பர் முத்திரையோடு இரும்பு அலமாரியில் பூட்டுகிறவர். இன்று எடுக்க மறந்து சுவிட்சைப் போட்டுவிட்டார். மவுஸ் இல்லாமல் அந்த ஜன்னல் நிற்காது.

"காலையில பெரட்டுல பேர் கூப்பிடறப்ப ஆள் வரலன்னா மண்டோர் அடுத்த பேருக்குப் போயிருவாரு. இது என்னமா, வராத ஆளையே கூப்பிட்டுக்கிட்டு இருக்கு" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கியது. கணினியை எழுத்துத் திரையில் மட்டும் எழுப்பி, ஜன்னலை ஓயாமல் எழுப்பிக்கொண்டிருந்த பழைய வரியை அழித்துப் புதிதாக ஒன்று எழுதினேன். எல்லாம் தொடங்கிய பிறகு அது மவுஸ் இருக்கிறதா என்று ஒரே முறை பார்க்கும். இருந்தால் ஜன்னல். இல்லாவிட்டால், மவுஸை மாட்டச் சொல்லி, ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி திரையில் வரும்.

மாலையில் அண்ணன் வழக்கம்போல் மவுஸைப் பூட்டினார்.

"நாளைக்கு மறக்க மாட்டேன்மா."

"மறங்கண்ணே, பாப்போம்" என்றேன்.