தம்பி இறைத்த மாங்கனி

ஆனி 22, ஞாயிறு இரவு

மாங்கனித் திருவிழா முடிந்து மூன்று நாளாகிறது. நாலு வயதுத் தம்பிக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. செருப்பு, தலையணை, என் கணக்கு நோட்டு எல்லாவற்றையும், சாமி ஊர்வலத்தில் மாடிகளிலிருந்து இறைப்பார்களே, அந்த வேண்டுதல் மாங்கனிபோல இறைத்துக்கொண்டிருக்கிறான்.

இன்று மாலை வாசலில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் உருளைக்கிழங்கு விழுந்தது. நிமிர்ந்தால், மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் தம்பி நிற்கிறான். கத்தப் போனேன். உள்ளேயிருந்து வந்த அம்மா என் வாயைப் பொத்தினாள். பிறகு முந்தானையை விரித்துப் பிடித்துச் சிரித்தாள்.

"எனக்கொரு மாங்கனி போடுங்க சாமீ!"

"இந்தா, புடிச்சுக்க!"

"நின்னுக்கிட்டுப் போட்டா பலிக்காதுங்களே. உள்பக்கமா எறங்கி உக்காந்து போடுங்க."

அவன் யோசித்தான். அதற்குள் நான் படியேறி ஓடினேன். மாடித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, ஒனக்கும் ஒண்ணு வேணுமா?"

ராத்திரி அம்மா அப்பாவிடம் போனில் இதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "ஒங்க மவன் உருளைக்கெழங்கு எறைச்சாரு. நான் வேண்டிக்கிட்டு வாங்கினேன்."

மாடிக் கதவு எப்படித் திறந்திருந்தது என்று அப்பா கேட்டார். புத்தகம் எடுக்கப் போன நான்தான் தாழ் போடவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள்.

"நான்தாங்க மறந்துட்டேன்."

அதற்குப் பிறகும் அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது தூக்கம் வராமல், தாழைத் தொட்டுப் பார்க்க மூன்றாவது தடவையாக எழுந்து போனேன். தாழ்மேல் ஏற்கெனவே அம்மாவின் கை இருந்தது.