மூன்றாவது எலுமிச்சம்பழம்

மே 8, வியாழன்
காலையிலேயே அனல். பதினோரு மணிக்கு சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். இந்த முறையும் கரு தங்கவில்லை. மூன்றாவது தடவை. அப்போது இ-சேவை மையத்தில் என் கவுன்டர் முன்னால் ஒரு பெண், கைக்குழந்தையோடு, பிறப்புச் சான்றிதழுக்கு. எழுத்துப் பிழை வரக்கூடாதென்று பெயரை இரண்டு முறை சரிபார்த்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். பைக் கழுவப் போய்விட்டார். நேற்றுத்தான் கழுவியது.

மே 9, வெள்ளி
லீவு. துணி ஊறவைத்தது, கேஸ் புக் பண்ணியது, தூங்கியது.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து மாமியார், இரண்டு பஸ் மாறி. முந்தானையில் முடிந்த எலுமிச்சம்பழம். "அம்மன் மடியில வெச்சுத் தந்தது கண்ணு. ரெண்டு பேரும் ஜூஸ் போட்டுக் குடிச்சிருங்க. ஒரு சொட்டு வீணாக்கக் கூடாது."

ரிசல்ட் கேட்கவில்லை. மகன் சொல்லியிருப்பார். முதல் இரண்டு பழங்களையும் நம்பித்தான் குடித்தேன். இதை ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டில் வைத்தேன். திரும்பவும் நம்பத் தெம்பில்லை.

மே 11, ஞாயிறு
மதியம். கரண்ட் இல்லை. அரிசி டிரம்முக்குள் வோட்கா பாட்டில், பெங்களூரிலிருந்து என் தம்பி கொண்டுவந்தது. டாக்டர் குடிக்கக் கூடாது என்றதிலிருந்து இவர் மூடியைத் திருகவில்லை. நானே எடுத்து வெளியே வைத்தேன். பேயறைந்த மாதிரி பார்த்தார்.

போனில் வீடியோ பார்த்துச் செய்தோம். சர்க்கரைப் பாகு, ஐஸ், சோடா. கடையில் பன்னீர் சோடாதான் இருந்தது. எலுமிச்சை இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

"ஐயோ, அம்மா கொண்டாந்ததாச்சே."

"வேற பழம் இல்லீங்க."

கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவரே அறுத்தார், பிழிந்தார். டானிக் மூடியால் ஆளுக்கு இரண்டு மூடி வோட்கா. கல்யாண வீட்டு வாசனை, தொண்டையில் எரிச்சல். நன்றாகவே இல்லை. இரண்டாவது வாய் பரவாயில்லை.

"இனிமே சேலம் வேணாம் புள்ள. உன் வயித்துல ஊசி குத்துறத என்னால பாக்க முடியல."

இதை அவர் வாயால் கேட்கத்தான் காத்திருந்தேன். நானே சொன்னால் பழி என் தலையில் என்று பயம். அழுதேன். அவரும்.

மே 12, திங்கள்
சர்வர் டவுன். தலைவலி. மாமியார் போன்.

"பழத்த ரெண்டு பேருமே குடிச்சீங்களா?"

"குடிச்சோங்க அத்தை. ஒரு சொட்டு வீணாக்கல."



"இதோட போதும் கண்ணு. இனிமே பழம் கொண்டார மாட்டேன். அந்தக் கோயில் படிய ஏற என்னால ஆவல."

அத்தைக்கும் ஒரு கிளாஸ் எடுத்து வைத்திருக்கலாம்.