மூத்த மருமகளும் இரண்டு சம்பந்திகளும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், லாரியைத் தவிர என்று ஒரு மாதமாக எழுத நினைத்தேன். இப்போது லாரியும் ஏறக்குறைய நலம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் மாப்பிள்ளை பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பாதியில் மடித்தாலும் மீதியைப் படிக்கக் கை அரிக்கும்.

உன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. முதுகுதான் போய்விட்டது. லாரிக்கு அடியில் படுக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால், தலையணையை அங்கேயே கொடுத்தனுப்பலாம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் வீட்டில் நிம்மதியாக உட்காருவார் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

உன் மாமனார் வீட்டுக் கொட்டகையில் கிடந்த அந்தப் பழைய பெட்ரோல் லாரி உனக்குத் தெரியும். உன் கல்யாணம் முடிவான கையோடு அவரும் உன் அப்பாவும் அதன் இன்ஜினைப் பிரித்துப் போட்டார்கள். நீ மாப்பிள்ளையின் வீட்டை விட்டு விடுதிக்குப் போன பிறகுதான் திரும்பப் பூட்டினார்கள். உன் மாமனார் லேத் பட்டறை நடத்தியவர் அல்லவா, சிலிண்டரைக் கடைந்தது அவர் வேலை. வால்வு தேய்த்தது உன் அப்பா. உன் மாமியார் அந்த லாரிக்கு 'மூத்த மருமகள்' என்று பெயர் வைத்திருக்கிறார். வீட்டுக்கு முதலில் வந்தவளாம், ஒரு வேலையும் செய்யாமல் பணிவிடை மட்டும் வாங்கிக்கொள்கிறாளாம். இளைய மருமகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னதில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்ஜின் முதல் முறை ஓடிய அன்று கொடியில் காய்ந்த துணியெல்லாம் கறுத்துப்போனது. அதற்கே இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். தொல்லை மறுநாள் ஆரம்பித்தது. ஒரு நாள் ஸ்டார்ட் செய்தால் கழுதை மாதிரி உதைக்கும், மேட்டில் ஏறும்போது உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்கும். அடுத்த முறை எடுத்தால் தட்டல் சுத்தமாக இருக்காது, ஆனால் இழுவையும் இருக்காது. தெருமுனைக்குப் போவதற்குள் ரேடியேட்டர் கொதித்து ஆவி பறக்கும். ஒரே நோயாளிக்கு ஒரு நாள் குளிர், ஒரு நாள் காய்ச்சல்.

இவர்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. இக்னிஷன் காயிலை மாற்றினார்கள், பிளக்கை மாற்றினார்கள். பெட்ரோலில் கலப்படம் என்று பங்க்காரரிடம் வம்புக்குப் போனார்கள். கார்புரேட்டரை என் சமையலறை மேசையில் பிரித்துப் போட்டு, அதன் பொடிப்பொடிச் சாமான்களை நான் கடுகு வைக்கும் கிண்ணத்தில் போட்டு வைத்தார்கள். ஒன்று காணாமல் போய், அன்றைய குழம்பை வடிகட்டிப் பார்த்தோம். அது உன் அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் சந்தேகப்படவில்லை, அதுதான் டைமிங். எனக்கும் இப்போதுதான் தெரியும். பிளக்கில் பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பதை டிஸ்ட்ரிபியூட்டர் என்ற சாமானைத் திருப்பித்தான் வைப்பார்களாம். இந்தப் பக்கம் திருப்பினால் பொறி முந்தும், இன்ஜின் உதைக்கும், தட்டும். அந்தப் பக்கம் திருப்பினால் பொறி பிந்தும், இழுவை போய்ச் சூடேறும். உன் அப்பா காதால் கேட்டு வைக்கிற ஆள். உன் மாமனார் பொறி விழும்போது மின்னுகிற விளக்கை அடித்து, இன்ஜினுக்கு முன்னால் சுற்றும் கப்பியில் இருக்கும் கோட்டைப் பார்த்து வைக்கிற ஆள்.

நீ போனதிலிருந்து இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்கிற மரியாதையை நீ பார்க்க வேண்டும். "நீங்க வச்சதுதான் சம்பந்தி சரி, என் காது இப்பல்லாம் கேக்கறதே இல்ல" என்பார் இவர். "உங்க காதுக்கு முன்னாடி என் லைட்டு எம்மாத்திரம் சம்பந்தி" என்பார் அவர். முன்பெல்லாம் ஒரு போல்ட்டுக்கு அரை நாள் அடித்துக்கொள்வார்கள். இப்போது ஸ்பானரைக் கூட இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் பேச்சு வந்துவிடுமோ என்ற பயத்தில் நாள் முழுக்க இன்ஜினையே பேசினார்கள்.

இதற்கிடையில் உன் அப்பா காலை நடைப்பயிற்சிக்குக் கிளம்ப ஆரம்பித்தார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நடக்கப் போகிற மனிதர் எதற்கு இடுப்பில் ஸ்பானரைச் செருகிக்கொண்டு போக வேண்டும்? திரும்பி வரும்போது நகக்கண்ணில் கிரீஸ் எப்படி வரும்? உன் மாமியாரிடம் கேட்டேன். அவர் பங்குக்கு ஒன்று சொன்னார். சாயங்காலம் உன் அப்பா கிளம்பியதும், கொட்டகையில் பல்பு அணைக்க மறந்துவிட்டேன் என்று உன் மாமனார் தினமும் திரும்பப் போகிறாராம். ஒரு பல்பை அணைக்க அவ்வளவு நேரமா என்று அவருக்கும் ஒரு சந்தேகம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். உன் மேசை இழுப்பறையில் கிடந்த சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு போய், டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து இன்ஜின் வரைக்கும் சேர்த்து நேராக ஒரு கோடு போட்டு வைத்தோம். மறுநாள் காலை நடைப்பயிற்சி முடிந்ததும் போய்ப் பார்த்தால், கோடு நடுவில் முறிந்து ஓர் அரிசி அகலம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. சாயங்காலம் பல்பு அணைத்த பிறகு பார்த்தால், ஓர் அரிசி அகலம் வலப்பக்கம். திருடன் ஒருவன் இல்லை, இருவர். ஒருவர் வைத்ததை இன்னொருவர் மாற்ற, அவர் மாற்றியதை இவர் மாற்ற, பாவம் அந்த இன்ஜின் என்ன செய்யும்?

ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் டீ கொடுத்துவிட்டு, "இந்தக் கோட்டுக்குக் கால் முளைச்சிருக்கா?" என்று கேட்டேன். இருவரும் டம்ளருக்குள் பார்த்தார்கள். கடைசியில் உன் அப்பா, சம்பந்தி மனசு நோகக்கூடாது என்றுதான் சொல்லவில்லை என்றார். உன் மாமனார், "எனக்கும் அதே பயந்தான். பிள்ளைங்க விஷயம் இப்படி இருக்கு. இதுல நாமளும் ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கிட்டா, அப்புறம் என்ன இருக்கு நமக்குள்ள" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது. நான் அழவில்லை. மனசில் இருப்பதைச் சொல்லித் தொலையுங்கள், நாங்கள் கேட்கிறோம் என்றேன்.

அவ்வளவுதான், மடை திறந்தது. "உங்க காது பஸ் ஹாரன்லயே செத்துப்போச்சு" என்றார் அவர். "உங்க லைட்டைக் கொண்டுபோய் வாசல்ல மாட்டுங்க, கொசு விரட்டும்" என்றார் இவர். தெருவே எட்டிப் பார்த்தது. உன் மாமியார் விலக்கிவிடப் போனார், நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். பார்த்துவிடலாம் என்ற வீம்பில் இருவரும் முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் நீளமான ஸ்க்ரூடிரைவரை விட்டு, இன்ஜினைக் கையால் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடித்தார்கள். அப்போது கப்பியின் கோடு இன்ஜினில் பொருத்தியிருக்கும் முள்ளுக்கு நேராக இருக்க வேண்டும். அது எங்கேயோ இருந்தது. கப்பி இரண்டு வளையம், நடுவில் ரப்பர். ரப்பர் தளர்ந்து வெளிவளையம் சறுக்கியிருக்கிறது. பொய்க் கோட்டைப் பார்த்து உன் மாமனார் இத்தனை நாளும் பிந்தி வைத்திருக்கிறார். உன் அப்பா ஜெயித்துவிட்ட முகத்தோடு நின்றார். சரியான இடத்தில் புதுக்கோடு போட்டு அளந்தால், இவர் காதும் தேவைக்கு மேல் முந்தி வைத்திருக்கிறது. இரண்டு பேரும் தப்பு என்று தெரிந்ததும் இரண்டு பேருக்கும் வந்த சிரிப்பைப் போல ஒன்றை நான் இந்த வருஷத்தில் பார்க்கவில்லை. அன்று மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினோம். உதைக்கவும் இல்லை, கொதிக்கவும் இல்லை. நானும் முன்னால் உட்கார்ந்து போனேன்.

நீ விடுதிக்குப் போன அன்று என்ன சண்டை என்று கேட்டேன். "சண்டையே இல்லம்மா. அவர் நல்லவர். நாங்க ஒரு நாள்கூடக் குரல் உசத்திப் பேசினதில்ல" என்றாய். அன்று எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இப்போது அதுதான் பயமாக இருக்கிறது. உன்னை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

அப்பாவும் மாமனாரும் வியாழக்கிழமை லாரியில் கிளம்புகிறார்கள். சனிக்கிழமை காலை அங்கே வருவார்கள். உன் விடுதிச் சந்தில் லாரி நுழையாது. அதனால் மாப்பிள்ளை வீட்டு வாசலில்தான் நிற்கும். நீ அங்கே வந்து அப்பாவைப் பார்.

ஒரு சின்னக் கோளாறு மட்டும் மிச்சம் இருக்கிறது. சூடான இன்ஜினை நிறுத்திவிட்டால் செல்ஃப் எடுக்காது, முனகும். பேட்டரி கேபிள் மெல்லியதாம். தடிமனான கேபிள் வாங்கியாகிவிட்டது. திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லி நான்தான் அதை என் துணி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். ஆகவே அந்த வாசலில் நின்ற லாரியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். உன் அப்பாவுக்கு முதுகு. உன் மாமனார் குடலிறக்க ஆபரேஷன் ஆனவர். ஒருவர் ஸ்டீயரிங்கில் உட்காருவார், ஒருவர் பக்கத்தில் நின்று அதிகாரம் செய்வார். தெரு சரிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பின்னால் இரண்டு பேர் வேண்டும். மாப்பிள்ளைக்கும் உன் மாமியார் இதையே எழுதியிருக்கிறார், கேபிள் விஷயத்தைத் தவிர.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. வசதியான செருப்பாகப் போட்டுக்கொண்டு போ. தள்ளும்போது அவர் சரியாகத் தள்ளவில்லை என்று தோன்றினால், தயவுசெய்து வாய்விட்டுச் சொல். அவரையும் சொல்ல விடு.

இப்படிக்கு,
உன் அம்மா