படத்தின் நடுவில் ஒரு பொட்டு

சனிக் கோளின் நிலவு டைட்டன், வடமேற்கு மேடு. விமானப் பதிவு. எழுதுபவன்: செல்வின், படப்பிடிப்பு விமானி.

பதிவு 1 | 09:10
உயரம் நான்கு கி.மீ. வெளியே மைனஸ் 179. கீழே பனி எரிமலை. நெருப்பு கிடையாது, தண்ணீரும் அம்மோனியாவும் கலந்த குழம்பைக் கக்குகிறது. வெப்பக் கேமராவில் அதன் வாய் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தெரியும்வரை பிரச்சினை இல்லை. உறைந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அடிவாரத்தில் துளை போடும் பஷீர் அண்ணனும் அவரோடு இருக்கும் இருவரும் உடனே வண்டியைக் கிளப்ப வேண்டும். அதைப் பார்த்துச் சொல்லத்தான் நான்.

பதிவு 2 | 09:40
எரிச்சல். எல்லாப் படத்திலும் நட்டநடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. காரணம் தெரியும். நேற்று முகாமில் ஆயுத பூஜை. தலைவி வடிவு அக்கா துளைக்கருவி முதல் காபி மெஷின் வரை ஒன்றையும் விடாமல் சந்தனம், குங்குமம் வைத்தார். கேமராவுக்கும். கண்ணாடியைத் துடைக்க ஒரு வைப்பர் கேட்டு மூன்று முறை எழுதினேன். எடை கூடுமாம்.

பதிவு 3 | 10:05
பொட்டு பெரிதாகிறது. சந்தனம் குளிரில் உரிந்து பரவுகிறது போல. அழிக்க ஒரு நிரல் எழுதினேன். பன்னிரண்டு வரி. பொட்டு எங்கே இருந்தாலும் தேடி, சுற்றியுள்ள வெள்ளையால் நிரப்பும். இனி முகாமுக்கும் வண்டிக்கும் சுத்தமான படம் போகும்.

பஷீர் அண்ணன்: “படம் பளிச்சுனு இருக்குடே. வாய் நல்லா தொறந்து கெடக்கு. இன்னும் ரெண்டு துளை போட்டுட்டு வாரோம்.”

பதிவு 4 | 10:50
காற்று உலுக்கியதில் கேமரா குறி தவறியது. எரிமலை படத்தின் இடது ஓரத்துக்குப் போய்விட்டது. கண்ணாடியில் உள்ள கறை என்றால் நடுவிலேயே நிற்க வேண்டும். நிரல் தொடாத மூலப் படத்தைத் திறந்தேன்.

பொட்டும் எரிமலையோடு நகர்ந்திருக்கிறது.

வடிவு அக்காவிடம் கேட்டேன். “ஏல, எனக்கென்ன கூறு கெட்டா போச்சு? கண்ணாடியில எவளாவது சந்தனம் வைப்பாளா? மூடி மேலல்லா வச்சேன்!”

புறப்படும்போது மூடியைக் கழற்றியது நான்தான். இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. சந்தனமும் குங்குமமும் கலையாமல் அதன்மேல்.

பதிவு 5 | 10:53
“அண்ணே, அது கறை இல்ல, வாய் உறைஞ்சு அடைச்சிருச்சு. வண்டிய எடுங்க.”

“வெளாடாதடே. இப்ப அனுப்புன படத்துல தொறந்துல்லா இருக்கு?”

“அந்தக் கறுப்பப் பொட்டுன்னு நெனச்சு நான் அழிச்சுட்டு அனுப்புனேன்ணே.”

வண்டியைக் கிளப்பிப் பார்க்கும் சத்தம். பிறகு: “துளைக்குழாய் பனியில இறுகிக் கெடக்கு. வண்டி நகராது. நடந்து வாரோம். நீ திட்டுறதுக்கு ஆள் தேடுன நேரத்துல ஒருவாட்டி குனிஞ்சு மூடியப் பாத்திருக்கலாம்டே.”

பதிவு 6 | 11:08
வெடித்துவிட்டது. ரேடியோவில் இரைச்சல் மட்டும். நிரலை நீக்கிவிட்டேன். இறங்குகிறேன். விமானத்தில் ஓர் ஆளுக்குத்தான் இடம். இங்கே எடை குறைவு, தொங்கவிட்டாவது தூக்கிவிடுவேன்.

படம் 214. எதையும் அழிக்கவில்லை. வண்டிக்கு வடக்கே மூன்று சூடான புள்ளிகள். ஓடுகின்றன.

11:09
படம் 215. இரண்டு.

கண்ணாடியில் கறை எதுவும் இல்லை. மூலப் படம்தான். மறுபடியும் எண்ணினேன்.

இரண்டு

11:10
படம் 216. இன்னும் திறக்கவில்லை.