உன் பெயரில் ஒரு கோப்பை

இன்று காலை மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் உன்னைப் பார்த்தேன். ஆளுயரத்துக்கும் மேலே, ஃப்ளெக்ஸில், எண்ணெய் பூசிய உடம்போடு நிற்கிறாய். கையில் நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைத்திருக்கிறது. கீழே தங்க நிற எழுத்தில் உன் பெயர், அதை ஒட்டி 'நினைவுக் கோப்பை ஆணழகன் போட்டி'. வரும் ஞாயிற்றுக்கிழமை கோப்பையை வழங்குபவர் உன் அம்மாவாம். கையில் கல் இருந்திருந்தால் விட்டெறிந்திருப்பேன். ஜிம்காரர்கள் மேல் இல்லை, உன் மேல்.

ஆமாம், உன் மேல்தான் கோபம். செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். மூன்று வருஷமாகத் திட்டாமல் இருந்து பார்த்துவிட்டேன், முடியவில்லை.

டிப்ளமோ இரண்டாம் வருஷம் கேண்டீனில் வந்து என் தோளில் கை போட்டாய். "மச்சான், நீதான் படிப்ஸு. எனுக்கு ஒரு டைம்டேபிள் போட்டுக் குடுடா. ஒடம்பு ஏத்தணும்." நானும் அப்போது குச்சிதான். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து "வீட்டுல சோறு போடலியா?" என்று கேட்பார்கள். அதனால் பரீட்சைக்குப் படிப்பதுபோல் ஒரு வாரம் தேடிப் படித்து, இருவருக்கும் சேர்த்து எழுதினேன். காலை ஐந்தரைக்கு ஜிம், ஏழே முக்காலுக்கு பஸ். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் ஓய்வு. வியாழன் கால், வெள்ளி தோள், சனி கை, ஞாயிறு மறுபடி ஓய்வு. ஊறவைத்த கொண்டைக்கடலை, நாலு முட்டை, வேர்க்கடலை. மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்துப் பருப்பும் மீல் மேக்கரும். பத்து மணிக்குத் தூக்கம்.

ஓய்வு நாளைப் பார்த்துச் சிரித்தாய். "இன்னாடா இது, ஆபீஸ் மாரி ரெண்டு நாள் லீவு வுட்டுகினு?"

"ஏல, தூங்கும்போதுதான் தசை வளரும். ஜிம்முல இல்ல."

"அப்ப எங்க ஊட்டு நாய்க்குட்டிதான் பயில்வான்."

கிண்டல் செய்தாலும் பத்து மாதம் அதை அப்படியே கடைப்பிடித்தாய். கடைசி பெஞ்சு முழுக்க அவித்த முட்டை வாடை. லேப் சார் கத்துவார், "வெளிய போய்த் தின்னுட்டு வாங்கடா!" சட்டைக் கை இறுகத் தொடங்கியதும், அட்டெண்டன்ஸுக்குக்கூட நீ கையை முழுசாகத் தூக்கிக் காட்டினாய். எனக்கும் சட்டை இறுகியது. ஜிம்முக்கு ஒன்றாகப் போய், ஒரே டப்பாவில் தின்று, ஒரே பஸ்ஸில் தொங்கினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

அதற்குள் ஜிம்மில் போட்டி அறிவித்தார்கள். மாஸ்டர் எடை தூக்கச் சொல்லிக் கொடுப்பதில் கெட்டிக்காரர். ஆனால் மேடைக்கு முன்னால் உடம்பைக் காயப்போடுவது அங்கே வழக்கம். மூன்று நாள் உப்பில்லை, கடைசி நாள் தண்ணீர் இல்லை, நீர் பிரிய ஒரு மாத்திரை. "தண்ணி குட்ச்சா தோலு ஊதிக்கும், நரம்பு தெரியாது" என்பார். நான் சண்டை போட்டேன். "நீ நோட்டுல பட்ச்சவன், அவரு மேடையில ஜெய்ச்சவரு" என்று என் வாயை அடைத்தாய். அத்தோடு விட்டாயா? போட்டியன்று தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தாய்.

"நானே கேட்டாலும் குடுக்காத. எங்கம்மா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன், மடையன்.

மே மாத வெயில் இறங்காத சாயங்காலம். மேடைக்குப் பின்னால் தகரத் தடுப்புக்குள் கொதித்தது. நீ ஒருமுறை தண்ணீர் கேட்டாய்; "இன்னும் பத்து நிமிஷம்தான்ல, பொறு" என்றேன். திரும்பவும், "ஒரே ஒரு வாய் குடு மச்சான்" என்றாய். நாக்கு ஒட்டிக்கொண்டு சொல்லே சரியாக வரவில்லை. "சத்தியம் வாங்குனது நீதான்ல?" என்றேன். நீயும் சிரித்தாய். மேலே போய்க் கையை மடக்கி நின்றாய், விசில் பறந்தது. ஃப்ளெக்ஸில் இருப்பது அப்போது எடுத்த படம்தான். படியில் இறங்கும்போது விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

உடம்பில் நீரும் உப்பும் வற்றி இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் மாஸ்டரிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். உன் அம்மாவிடம் மாஸ்டர், "பொறவியிலயே இதயத்துல கோளாறு இருந்திருக்கும்மா" என்றார். அப்போதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன்டா என்னைத் தேர்ந்தெடுத்தாய்? வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்! வேறு எவனாக இருந்தாலும் சத்தியமாவது மண்ணாவது என்று உன் வாயில் ஊற்றியிருப்பான். போட்ட கோட்டைத் தாண்டாதவன் நான் என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தாய். இன்றும் புதனும் ஞாயிறும் நான் எடை தூக்குவதில்லை. அதுவும் உன்னால் எரிச்சலாக இருக்கிறது.

இன்று வேலைக்குப் போகவில்லை. ஃப்ளெக்ஸில் உன்னைப் பார்த்து எத்தனை பையன்கள் காயப்போகிறார்களோ என்று நினைத்ததும் கால் நேராக உன் வீட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று அம்மா புடவை தேய்த்து நாற்காலியில் போட்டிருந்தார்கள். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உப்பு, மாத்திரை, பாட்டில், சத்தியம், மாஸ்டர் சொன்ன பொய், நான் வாயை மூடிக்கொண்டிருந்தது.

அம்மா நாற்காலியில் கிடந்த புடவையை எடுத்து மடித்தார்கள். பிறகு, "எத்தினி வாட்டி கேட்டான்?" என்றார்கள்.

"ரெண்டு வாட்டிம்மா."

"மேடையில மைக்கு குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

"அப்ப நான் போவேன். நானே சொல்றேன். நீ பக்கத்துல நில்லு நைனா."

நிற்பேன். ஆனால் ரெண்டு என்று சொன்னது தப்பு, மூன்று. மேடைக்கு உன் பெயரைக் கூப்பிட்டதும் திரும்பி, வாய் திறக்காமல் பாட்டிலைப் பார்த்தாயே, நான் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அதை அம்மாவிடம் சொல்ல முடியவில்லை.