இஸ்க்ரா பெட்டி தூக்க வேண்டாம்

கோர்னி தோல், பல்கேரியா
ஏப்ரல் 29

என் செல்லத் தங்கை இஸ்க்ராவுக்கு,

அக்கா பில்யானா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் நேற்று வந்தது. சிசேரியன் ஆகி ஐந்தே வாரத்தில் ஸ்பெயின் தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பெட்டி தூக்குகிறாயாமே! "நான் கல்லு மாதிரி இருக்கேன்க்கா" என்று வேறு எழுதியிருக்கிறாய். கல்லாம் கல்லு!

நானும் போன அக்டோபரில் இப்படித்தான் பீற்றிக்கொண்டேன். என் சிசேரியன் தையல் ஆறியதும் ஊர்ப் பாட்டுக்குழுவுக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு அடி முடிவிலும் மலை அதிரக் கூவ வேண்டுமே, அதற்கு வாயைத் திறந்தால் பூனைக்குட்டி சத்தம்தான் வந்தது. கூடப் பாடும் வெலிகா விழுந்து விழுந்து சிரித்தாள். ரோஷத்தில் வீட்டுக்கு வந்து, வயிற்றுக்குப் பலம் ஏற்ற, தினம் ஐம்பது தடவை படுத்துப் படுத்து எழுந்தேன். நடுவயிறு ரொட்டி போலப் புடைத்துக்கொண்டது.

டவுனில் பிள்ளை பெற்றவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தரும் மில்கா அம்மாவிடம் ஓடினேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடியே, தோலுதான் ஆறியிருக்கு. உள்ள சதை ரெண்டு விரக்கடை விலகிக் கெடக்கு. உன்னை யாரு குஸ்திக்குக் கூப்பிட்டா?" என்று ஏசினாள். முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை மெல்ல விட்டபடி அடிவயிற்றை உள்ளே இழுக்கச் சொன்னாள். இதெல்லாம் ஒரு பயிற்சியா என்று எனக்கு இளக்காரம். பத்தாவது தடவையில் தொடை நடுங்கி, அழுதே விட்டேன். ஆனாலும் ஒருநாள் விடவில்லை. பிப்ரவரியில், மண்டிபோட்டுக் கையையும் காலையும் நீட்டும் அளவுக்குத் தேறினேன். போன ஞாயிறு கூவினேன் பார், தெரு நாய்களெல்லாம் குரைத்தன.

வரும் மே ஆறாம் தேதி புனித ஜார்ஜ் திருநாளில் முதல் குரல் எனக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. இன்று காலை வெலிகாவிடம் போய், "நீயே பாடு" என்று சொல்லிவிட்டேன். "ஏன்டி, கொழுப்பா?" என்றாள். ஆமாம் என்றேன்.

இந்தக் கடிதத்தை இன்று ஸ்பெயினுக்குக் கிளம்பும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் குழந்தையோடு நானே வருகிறேன். இனி பாரம் தூக்கலாம் என்று மில்கா அம்மா எனக்குச் சொல்லிவிட்டாள். மேஸ்திரியிடம் இப்போதே பேசிவை: சீசன் முடியும்வரை உன் வேலைக்கு நான். நீ இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு, நான் சொல்லித் தருகிறபடி மூச்சு விட்டால் போதும்.

உன் புருஷன் ஸ்டோயன் உன்னை விட்டுப் போனதும் உனக்கு யாருமே இல்லை என்று நினைத்துவிட்டாய் பார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் வந்து சேரும்வரை உன் பிள்ளையைத் தவிர எதையும் தூக்காதே, கண்ணு. அதுவரைக்கும் கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் நான் இருக்கிறேன்.

உன் அக்கா,
பில்யானா