விழுகிற சருகின் எடை

பிப்ரவரி 11

காலையிலிருந்து சருகு பிரிக்கிறேன். இலை ஒரு குவியல், சுள்ளி ஒரு குவியல், பூவும் காயும் ஒரு குவியல். ஓவனில் காய்ந்து வந்த இலையைத் தொட்டாலே நொறுங்குகிறது. பக்கத்தில் மூச்சுவிட்டால் தராசில் எண் ஆடும். மூச்சை அடக்கிக்கொண்டே எடை போடும் பழக்கம் வந்துவிட்டது.

வீட்டில் இந்த வேலையை இன்னும் புரியவைக்க முடியவில்லை. காட்டில் மரத்தடிகளில் கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் வலைக்கூடை கட்டி, அதில் விழுவதை எடுத்துவந்து நிறுக்கிறேன் என்றால் அம்மா தலையாட்டுவாள். அண்ணன் விடமாட்டான். "குப்பை பொறுக்க எம்.எஸ்சி. கேக்குறாங்களா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் படிச்சிருப்பேனே." அவன் ஓட்டிக்கொண்டிருந்த வேனை முதலாளி விற்றதிலிருந்து வேலை இல்லை. கிண்டலுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பிப்ரவரி 26

வன அலுவலகத்துக்கு அறிக்கை போய்விட்டது. கூடையில் விழுந்ததைப் பெருக்கி, ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இத்தனை டன் என்று அட்டவணை போட்டேன். இந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பக்கம். விழுந்தது மட்கி, அதிலிருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதே மரங்களுக்குத் திரும்பிப் போகும் கதை. தரையில் சருகைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தால் மயிரிழை வேர்கள் மேல்நோக்கி வந்து ஈர இலைகளுக்குள் புகுந்திருக்கும். இலை மண்ணாகும்வரை காத்திருக்க வேர்களுக்குப் பொறுமை இல்லை.

மார்ச் 6

வன அலுவலகத்தில் கூட்டம். என் ஆய்வை வழிநடத்தும் மேடம் என்னையும் அழைத்துப்போனார். உரக் கம்பெனிக்காரர் ஒருவர் என் அட்டவணையைத் திரையில் போட்டார். என் எண்கள்! ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் தலைப்பைப் பார்த்தேன். 'கிடைக்கக்கூடிய சருகு.'

நான் எழுதியது விழும் சருகு. விழுவதெல்லாம் கிடைப்பதா?

"சும்மா கெடந்து வீணாப் போகுது சார். கோடையில தீ வேற பிடிக்குது. நாங்க உரம் பண்ண அள்ளிட்டுப் போனா உங்களுக்கும் நிம்மதி," என்றார் கம்பெனிக்காரர். மேடம் எழுந்து, அது காட்டின் சாப்பாடு என்று விளக்கினார். "மேடம் சொல்றதையும் மனசுல வச்சுக்குவோம்," என்றார் வன அதிகாரி. அப்புறம் டீ வந்தது.

நான் வாயே திறக்கவில்லை. ஏன் பேசல? பேசியிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும்?

மார்ச் 15

அண்ணனுக்கு வேலை கிடைத்துவிட்டது. லாரி டிரைவர். அந்த உரக் கம்பெனியில்.

"உன்னைச் சொன்னேன். 'அட, அந்தச் சருகு மேடம் உங்க தங்கச்சியா?'ன்னு நாற்காலி இழுத்துப் போட்டாங்க. எனக்கு! நாற்காலி!" நடித்துக் காட்டினான். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் தலையைத் தடவி, "நீ படிச்சது வீண்போகலடி," என்றாள். வீட்டில் முதன்முதலில் கல்லூரிப் படி ஏறியவள் நான். அம்மா இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.

தட்டை நகர்த்தி வைத்தேன். வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 16

அந்தச் சருகை எடுக்கக்கூடாதுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடலாமா? என்னன்னு சொல்லுவேன்?

ஏப்ரல் 3

கம்பெனிக்கு அனுமதி கிடைத்து, இன்று சருகை அள்ளினார்கள். இரும்புப் பற்கள் வைத்த வாரிகளோடு ஒரு வரிசை ஆட்கள். சருகை இழுக்கும்போது சரசரவென்ற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. பழைய துணி கிழிகிற மாதிரி. சருகுக்குள் புகுந்திருந்த அந்த வேர்கள். என் கூடைகளை மட்டும் மரியாதையாகச் சுற்றிப் போனார்கள்.

வன அதிகாரி வந்தார். லாரி பக்கத்தில் அண்ணன் நின்றிருந்தான். "என்னம்மா, இதை எடுத்தா மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"ஆகும் சார்."

சொல்லிவிட்டேன். என் குரல்தானா அது?

அவர் சிரித்தார். "எதை எடுத்தாலும் ஏதோ ஒண்ணு ஆகத்தாம்மா செய்யும்." அவ்வளவுதான். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

திரும்பும்போது அண்ணனின் லாரியில் ஏறிக்கொண்டேன். பாதி வழியில், "நீ சொன்னது உண்மையாவே இருக்கட்டும். நான் பக்கத்துல நிக்கும்போதா சொல்லணும்?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 19

மழை. வாரிய இடத்தில் துளிகள் நேராக மண்ணை அடிக்கின்றன. மேல்மண் கரைந்து, ஓடை டீ நிறத்தில் ஓடுகிறது. ஒரு முளைக்கன்றுகூடக் கண்ணில் படவில்லை. மேடத்திடம் படங்களைக் காட்டினேன். "வன அலுவலகத்துக்கு அனுப்பறேன்மா," என்றார். அனுப்பினார். பதில் இல்லை.

செப்டம்பர் 2

அண்ணன் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிக்கொடுத்தான். ஊசியில் நூல் கோத்துக் காட்டிக் காட்டி மகிழ்கிறாள்.

புது வருடம், பிப்ரவரி 20

ஆய்வக முடிவு வந்தது. வாரிய இடத்தில் விழும் சருகின் எடையில் போன வருடத்தைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விழுந்த இலையில் நைட்ரஜன் குறைந்திருக்கிறது, பாஸ்பரஸ் அதைவிட அதிகமாக. இலையை விடுவதற்கு முன்னால் அதிலிருப்பதை மரம் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்கிறதோ? கீழே போட்டால் திரும்பி வராது என்று ஆகிவிட்டதால்? ஒரே வருடத்தில் இப்படி ஆகுமா என்று மேடத்துக்குச் சந்தேகம். மழை குறைவும் காரணமாக இருக்கலாம் என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.

மார்ச் 12

வன அதிகாரி போன் செய்தார். "போன வருஷச் சருகுல இருந்த சத்து இந்த வருஷம் அள்ளினதுல இல்லைனு கம்பெனிக்காரர் சத்தம் போடுறார். உங்க அளவு தப்பாம்மா?"

"அளவு சரி சார். மரம் விடமாட்டேங்குது. இலைய உதிர்க்கும்போதே மிச்சம் பிடிக்குது."

"மரம் கூடவா கஞ்சத்தனம் பண்ணும்!" அவர் சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக இருந்தேன். இனி அள்ளுவதை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

"சரிம்மா. அப்ப கிழக்குச் சரிவுக்குப் போயிடலாம். அங்க யாரும் கை வைக்கலையே. அடுத்த வாரமே கூடை கட்டிடுங்க."

மார்ச் 19

கிழக்குச் சரிவு. கால் வைத்தால் கணுக்கால்வரை சருகு, அடியில் மெத்தைபோல் ஈரம். அண்ணனும் வந்தான். கம்புகளை அவன் அடித்தான், வலைகளை நான் கட்டினேன். வெயிலுக்கு முன்பே முடிந்துவிட்டது.

வேர்வையைத் துடைத்துக்கொண்டே சுற்றிப் பார்த்தான். "இங்க எத்தனை லோடு தேறும்?"

"கூடையில விழுந்தப்புறந்தான் தெரியும்."

"சும்மா தோராயமாச் சொல்லேன். வண்டிக்குச் சொல்லி வைக்கணும்ல?"

சரிவை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எண் தானாகவே வந்துவிட்டது. சொன்னேன்.